ஜூஸ் டப்பாவும் நூறு மில்லி டம்ளரும்

பெருமதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? சின்னவர் வீட்டில் காப்பி நேரத்துக்குக் கிடைக்கிறதா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் பேத்தி சில்வண்டின் பைதான் விடமாட்டேன் என்கிறது.

ஆபரேஷனில் குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்ததிலிருந்து, வயிற்றில் ஒட்டிய பையில் விழும் மலத்தை அளவு ஜாடியில் ஊற்றி நோட்டில் எழுதுகிறேன் அல்லவா? ஒரு நாளைக்கு முந்நூறு மில்லிக்குள் இருந்தால்தான் அடுத்த மாதம் குடலை உள்ளே வைத்துத் தைப்பார்களாம். நீங்கள் இருந்தபோது முந்நூற்றெண்பது. உங்கள் தோள்பையில் காலி ஜூஸ் டப்பா! "வாய் கசந்துச்சும்மா, நான்தான் குடிச்சேன்" என்றீர்கள். புள்ளை ஜூஸ் குடிச்சா பை ரொம்பி வழியும்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்களே, நான் எப்படி நம்புவேன்? அதனால்தான் "மாற்றத்துக்கு நல்லது" என்று சொல்லி உங்களைச் சின்னவர் வீட்டுக்கு அனுப்பினேன்.

நீங்கள் போனபின் குறையும் என்று பார்த்தால், குறைந்தால்தானே! சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன், வாழைப்பழம் கொடுத்தேன், உடம்பில் நீர் வற்றாமலிருக்க நர்ஸ் சொன்னபடி தினமும் கொடுக்கும் ஒரு டம்ளர் உப்புக் கரைசலை இரண்டாக்கினேன், நானூற்றெண்பது. மூன்றாக்கினேன், ஐந்நூற்றெண்பது! இவளோ கட்டிலில் குதிக்கிறாள். "புள்ளையா, குழாயடியாடி?" என்கிறார் உங்கள் மகன். நர்ஸிடம் போனில் அழுதேன். "நாக்கு ஈரமா இருக்கா? ஒண்ணுக்குப் போறாளா? எடை இறங்கலையே? அப்ப எனக்கே புரியலம்மா, காலைல கூட்டிட்டு வாங்க" என்றார்.

மாமா, வீட்டில் எத்தனை டப்பா ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப் போயிடுமோன்னு ராத்திரியெல்லாம் நோட்டையே புரட்டிக்கிட்டிருக்கேன். கோபப்பட மாட்டேன். கொஞ்சம்தான் படுவேன்.

உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் விடிந்துவிட்டது. ஜாடியைக் குளியலறையில் வைத்துவிட்டு நோட்டை எடுக்கப் போனவள், பேனாவை அங்கேயே விட்டது நினைவு வந்து பாதியில் திரும்பினேன். சில்வண்டு முக்காலியில் ஏறி, கரைசல் டம்ளரை ஜாடியில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்!

"என்னடி பண்றே?"

"உவ்வே, உப்பு! நீ பாக்கறப்ப நான் குடிப்பேன். பாக்காதப்ப ஜாடி குடிக்கும்."

டம்ளர் நூறு மில்லி, மாமா. நூறு நூறாக ஏறியிருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை. நான் கணிதப் பட்டதாரி. மூன்று டம்ளரைக் கழித்துப் பார்த்தால் இருநூற்றெண்பதுதான்! நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இருந்தாலும் உப்புச் சத்து குறைஞ்சிருக்கான்னு ரத்தம் பார்த்துடலாம், கூட்டிட்டு வாங்க, கரைசலை ஐஸ் குச்சியா உறைய வெச்சுக் குடுங்க" என்றார்.

மேலே எழுதியதில் முழங்காலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிட்டு, உடனே கிளம்பி வாருங்கள். உங்களுக்கு ஆறு டப்பா ஜூஸ் வாங்கி வைக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு குடியுங்கள்.