ஹாலில் பெய்த மழை

ஹாலின் பின்பக்கத்து ஸ்பீக்கர்களில் மழை பெய்யத் தொடங்கியதும் கல்யாணசுந்தரி கரண்டியைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள்.

மாடியில் கூழ்வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. காலையில்தான் பழைய வேட்டியை விரித்து வரிசை வரிசையாக ஊற்றிவிட்டு இறங்கியிருந்தாள். இப்போது வேட்டியோடு சேர்த்து வாரிச் சுருட்டியபடியே அடுத்த வீட்டு மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ பொன்மணி! மழை வந்துட்டு! மிளகாய அள்ளு!"

பொன்மணி மிளகாயை அள்ளிக்கொண்டே அதற்கு அடுத்த வீட்டுக்குக் கத்தினாள். அந்த வீடு அதற்கடுத்த வீட்டுக்குக் கத்தியது. தெருக்கோடியில் சொர்ணத்தாய் ஆச்சி உளுந்தைச் சாக்கோடு இழுத்து உள்ளே போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்கள். மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. வெயில் பாட்டுக்கு வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோவில்பட்டிப் பக்கம் அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஐப்பசிகூட ஏமாற்றிவிட்டது. கரிசல் வெடித்துக் கிடந்தது. மழைச் சத்தம் எங்கே கேட்கும் என்று ஊரே காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்த காலம்.

கல்யாணசுந்தரி சுருட்டிய வேட்டியோடு கீழே வந்தாள். ஹால் நடுவில் நாற்காலி போட்டு, கையில் ரிமோட்டோடு, கண்ணை மூடி, முகம் முழுக்கச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார் அவள் கணவர் பூவனநாதன்.

"மழை எங்கங்க?"

"இந்தா, இங்கன" என்று மேசையில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். "மதுரையில இருந்து வந்துட்டு. ஹோம் தியேட்டர் ரிசீவர். முன்னால மூணு ஸ்பீக்கர், பின்னால ரெண்டு. மழை உனக்குப் பின்னாடி பெய்யுது பாரு! எப்படி இருக்கு?"

பூவனநாதன் பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். வெற்றிலை, சீட்டு, சினிமா ஒன்றும் கிடையாது. நல்ல சத்தம் கேட்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. பல வருஷமாகச் சேர்த்து வைத்து, வீட்டில் சொல்லாமல் இந்தப் பெட்டியை வாங்கியிருந்தார். அம்மிக்கல் கனம். இனி அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'நல்லா இருக்கு' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை.

கல்யாணசுந்தரி வேட்டியைப் பிரித்துக் காட்டினாள். வத்தல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தது.

"இதப் பொரிச்சா உங்க பெட்டி மாதிரியேதான் வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பூவனநாதன் யோசித்தார். குறை பெட்டியில் இல்லை, வைத்த இடத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். பின் ஸ்பீக்கர் இரண்டும் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால்தானே அவள் பதறிப்போனாள்? ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கழற்றித் தெருப்பக்கத்து ஜன்னலில் ஏற்றி வைத்தார். மழையையும் மாற்றினார். பெட்டியோடு வந்த சிடியில் மழைக்கு அடுத்தபடியாக ஓர் அருவி இருந்தது. அவளுக்குக் குற்றாலம் என்றால் உயிர்.

'அருவியைக் கேட்டதும் தானாகவே வந்து உட்காருவா' என்று நினைத்துக்கொண்டு, சத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார்.

யாரும் வந்து உட்காரவில்லை. ஆனால் வெளியே தடதடவென்று ஒரு சத்தம். இது பெட்டியில் இல்லாத சத்தமாக இருக்கிறதே என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

தெருக்குழாயைச் சுற்றிக் கூட்டம். பச்சைக் குடம், நீலக் குடம், சிவப்புக் குடம். குழாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தே எத்தனையோ நாளாகிவிட்டது. எப்போது வரும் என்று நகராட்சிக்கே தெரியாது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டதும் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தது.

"நான்தான் முதல்ல வந்தேன்!"

"குடத்த வச்சிட்டுப் போனா ஆச்சா? ஆளு நிக்கணும்லா!"

"எனக்கு முட்டி வலி, ஏட்டி, கொஞ்சம் விடு!" இது சொர்ணத்தாய் ஆச்சி.

வரிசையில் முதல் ஆளாக, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றுகொண்டிருந்தது கல்யாணசுந்தரி. இடிபாட்டில் கையிலிருந்த குடம் கீழே விழுந்து விரிசல் விட்டது. குழாய் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி.

பொன்மணிதான் முதலில் கண்டுபிடித்தாள். "அக்கா, தண்ணி குழாயில வரல. ஒங்க வீட்டு ஜன்னல்லயில்லா வருது!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூவனநாதன் ஜன்னலில் நின்றபடி சிரிக்க முயன்றார்.

அன்று மாலை கல்யாணசுந்தரி கணவரிடம் பேசவில்லை. ஹாலில் தொங்கிய தினசரிக் காலண்டருக்கு எதிரே போய் நின்றுகொண்டு சொன்னாள்.

"காலண்டரே, அவியகிட்ட சொல்லு. அந்தப் பெட்டி என்னைக்கு வாசப்படி தாண்டுதோ, அன்னைக்குத்தான் நான் அவியகூடப் பேசுவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். இல்லை. மறுநாள் முதல் எல்லாமே காலண்டர் வழியாகத்தான். "காலண்டரே, தூக்குவாளி ரெடி, கடைக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லு." "காலண்டரே, கடிகாரம் நின்னு போச்சு. சின்ன பேட்டரி ரெண்டு வாங்கிட்டு வரச் சொல்லு."

அவரும் வாங்கி வந்தார். போன வாரமும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு சுவர்க் கடிகாரம் இத்தனை பேட்டரி தின்னுமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் பேசாத மனைவியிடம் கடிகாரத்தைப் பற்றி எப்படி விசாரிப்பது?

பெட்டி மேல் அவளுக்கிருந்த வெறுப்பு நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போனதாக அவருக்குப் பட்டது. ஒருநாள் வந்து பார்த்தால், பழைய சுங்குடிச் சேலையை வெட்டி, ஓரம் அடித்து, பெட்டிக்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். 'பெட்டி முகத்தில் முழிக்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை' என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து, கடையில் நடந்ததை எல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது அவளிடம் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். இப்போது காலண்டரிடம் சொல்ல மனம் வரவில்லை.

பெட்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்தார்.

முதலில் வந்தது இடைசெவல் நந்தகோபால். ஆட்டு மந்தையும் மாடுகளும் வைத்திருப்பவர். திருவிழாக் கிடா வியாபாரத்தில் நாலு காசு பார்த்திருந்தார். "வச்சிருக்கவிய நீங்க. உண்மையச் சொல்லுங்க, அண்ணாச்சி. எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தங்கம்! மழை பெஞ்சா நனையும். ரயில் வந்தா ஒதுங்கணும். மனசே இல்லாமத்தான் கொடுக்கேன்."

நந்தகோபால் பணம் எடுக்க மடியில் கை வைத்தார். அந்த நேரம் காப்பியோடு வந்த கல்யாணசுந்தரி, காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"காலண்டரே, இந்தப் பெட்டி வந்த நாள்ல இருந்து நம்ம பசு ஒரு சொட்டுப் பால் கறக்கல."

மடியில் வைத்த கை அங்கேயே நின்றது. நந்தகோபால் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

"ஏட்டி!" என்றார் பூவனநாதன். "நம்ம வீட்டுல ஏது பசு?"

"காலண்டரே, இருந்திருந்தா கறந்திருக்காதுன்னு சொல்லு."

அவர் விலையைக் குறைத்தார். அடுத்து, கல்யாண மண்டபமும் வீடியோக் கடையும் வைத்திருந்த வன்னியபெருமாள் ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து, பூவனநாதனைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தார். விவரமான ஆள். பசு கிடையாது.

"ரொம்ப ஓட்டின பெட்டியோ?"

"ஓட்டினதா? ஒரு மாசமா இதத் தொடவே இல்ல. புதுசு மாதிரி பாத்துக்கிடுங்க" என்றார் பூவனநாதன் பெருமையாக.

வன்னியபெருமாள் சுங்குடி உறையை விலக்கிப் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"அண்ணாச்சி, சுடுதே!"

"சுடுதா?" பூவனநாதனும் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே சுட்டது.

"காலண்டரே" என்றது சமையல்கட்டு வாசல். "அது தானாச் சுடும். சில நாள் தானா இருமும். போன வெள்ளிக்கிழமை ஒரு பொம்பள குரல்ல அழுதது."

வன்னியபெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டார். "கல்யாண வீட்டுல வைக்கப்போற பொருளு. எனக்கு எதுக்கு அண்ணாச்சி வம்பு" என்று படி இறங்கிவிட்டார்.

பூவனநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெட்டி போக வேண்டும் என்று சபதம் போட்டவளும் அவள்தான். போகவிடாமல் அடிப்பவளும் அவள்தான். 'நாம் செய்த காரியத்துக்கு நம்மை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கிறாள்' என்று ஒரு முடிவுக்கு வந்தார். கோபம்கூட வரவில்லை. நியாயம்தானே என்று தோன்றியது. அவ்வளவு நல்ல மனுஷர்.

விலையைப் பாதியாக்கினார். மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்க்கும் கொம்பையா என்பவர், நேரில் பார்க்காமலே சரி என்று சொல்லி, லீவு நாளில் லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினார். அதற்காகவே பூவனநாதன் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார்.

அவர் அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்ததே கல்யாணசுந்தரிக்கு அதிர்ச்சி. ஆட்டோவைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. காப்பி போடவில்லை. நேராகக் காலண்டருக்கு வந்தாள்.

"காலண்டரே, அது தானா இருமும்."

"இருமட்டும், தங்கச்சி" என்றார் கொம்பையா, வயரைச் சுருட்டிக்கொண்டே. "எஞ்சினும்தான் இருமுது. நாங்க என்ன, விட்டுட்டா ஓடிட்டோம்?"

"கொள்ளிக்கட்டையாச் சுடும்!"

"குளிர் காலத்துக்கு ஆகும்லா."

"பொம்பள குரல்ல அழும்!"

"எங்க வீட்டுக்காரிக்குத் துணையாச்சு."

கல்யாணசுந்தரியிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஆகப் போகிறது. அடுத்த வீட்டுப் பக்கம் பார்த்தாள். மறுபடி கடிகாரம். பூவனநாதன் அதைப் பார்த்தார்; பெட்டி போக இன்னும் எத்தனை நிமிஷம் என்று எண்ணுகிறாள் போல, பாவம், என்று அவருக்கு மனசு இளகியது. சீக்கிரம் சீக்கிரமாக ஸ்பீக்கர்களைச் சாக்கில் கட்டினார்.

பெட்டியைக் கொம்பையா ஒரு பக்கமும் பூவனநாதன் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். சுங்குடி உறை நழுவித் தரையில் விழுந்தது. கல்யாணசுந்தரி குனிந்து அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பெட்டி ஹாலைக் கடந்தது. நடையைக் கடந்தது. கொம்பையாவின் கால் வாசற்படியைத் தாண்டியது.

"ஏங்க..."

பூவனநாதன் அப்படியே நின்றுவிட்டார். காலண்டரிடம் அல்ல. அவரிடம்! எத்தனை நாளைக்குப் பிறகு! கண் கலங்கிவிட்டது.

"பாத்தீயளா கொம்பையா, பேசிட்டா! சொன்ன சொல் மாற மாட்டா எங்க வீட்டுல! சொல்லு சுந்தரி, சொல்லு. இனிமே இந்த மாதிரிப் பொருள் எதையும் இந்த வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன். போதுமா? வேற என்ன செய்யணும், சொல்லு!"

கல்யாணசுந்தரி உறையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். சபதம் போட்டது அவள் வாய்தானே, அதே வாயால் என்னவென்று சொல்வாள்?

அப்போது தெருவில் வெயிலோடு வெயிலாக ஒரு சிறு ஊர்வலம் வந்தது. முன்னால் பொன்மணி, கக்கத்தில் பாயோடு. பின்னால் சொர்ணத்தாய் ஆச்சி, தலையணையோடு. அதற்கும் பின்னால் தெருப் பெண்கள் இன்னும் நாலைந்து பேர், கொட்டாவி விட்டுக்கொண்டே. எல்லாரும் தினம் வந்து பழகிய வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி நேராகப் படியேறி வந்தவர்கள், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்ற பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

பொன்மணி பாயைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏக்கா, தினம் நாம கேட்டுக்கிட்டே தூங்குத மழைய, அண்ணாச்சி எங்க தூக்கிட்டுப் போறாவ?"