கசெற் அண்ணையும் சூரியனுக்குப் பின்னால் போன சனமும்

ஜெர்மனிக்கு எப்போது வந்தோம் என்பதை ஒரு தமிழர் அரசாங்கத்திடம் மறைத்திருக்கலாம், மனைவியிடமும் மறைத்திருக்கலாம். கசெற் அண்ணையிடம் மட்டும் மறைக்கவே முடியாது.

ஸ்டுட்கார்ட்டில் அவருடைய சொந்தப் பெயரை அறிந்தவர்கள் யாரும் இல்லை. தபால் பிரிக்கும் வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு வீட்டு மணியை அடிப்பார். தேத்தண்ணீர் வேண்டாம். "உங்களிட்ட பழைய கலியாண வீட்டு வீடியோக் கசெற் இருக்கோ?"

எங்கள் கலியாணங்களில் வந்தவர்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாக மேடையேறி, என்வலப்பைக் கொடுத்து, வீடியோவுக்கு நின்றே ஆகவேண்டும். அண்ணைக்கு அதுதான் பிறப்பு இறப்புப் பதிவு. "இது அகதி முகாமில குடுத்த கோட். ஆளுக்குத் தலைமயிரும் இருக்கு. அப்ப வந்து ஒரு வருசம்தான்" என்று கணித்துவிடுவார்.

எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே வரலாறுதான் எழுதுவார். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள், மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள், பிறகு ஸ்டுட்கார்ட், பிறகு பாரிஸ், லண்டன், கனடா. "எங்கட சனம் சூரியனுக்குப் பின்னால போற சனம், பிள்ளை."

இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர் தான்தான் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த ஒருவரை, அவர் வந்ததாகச் சொன்ன அதே வருடத்து ஊர்க் கலியாணக் கசெற்றில் அண்ணை கண்டுபிடித்தார். மனிதர் யாழ்ப்பாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் கோயில் பக்கம் வரவில்லை.

அப்படியென்றால் முதல் குடும்பம் எது? அது என் கணவருடைய குடும்பம்தான் என்று அண்ணை சந்தேகப்பட்டார். 2008 வாக்கில் அதற்காகத்தான் எங்கள் மணியை அடித்தார்.

எனக்கு அப்போது வேறு கவலை. என் மகனுக்கு இரண்டரை வயது. ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் தமிழும் பூங்காவில் ஜெர்மனும் பேசிக் குழப்பிவிட்டேனோ? அல்லது போதுமான அளவு பேசவே இல்லையோ? காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்த பிள்ளை வைத்தியர், என் பக்கம் யாரும் அப்படியில்லை என்றதும், "தகப்பன் வழியில் யாராவது பிந்திப் பேசினார்களா? அடுத்த டெர்மினுக்கு வரும்போது விசாரித்து வாருங்கள்" என்றார். மாமனாரும் மாமியாரும் என் கலியாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். மற்றவர்கள் மேற்கே போய்த் தொடர்பு விட்டுப்போனவர்கள். கணவரைக் கேட்டால், "நான் கதைக்கத் துவங்கினது எனக்கெப்பிடித் தெரியும்? நான் அப்ப சின்னப்பிள்ளையெல்லோ" என்றார்.

"கெல்லருக்குள்ள பாத்தனீங்களோ?" என்றார் அண்ணை.

நிலவறையில் மாமியாருடைய பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. அடியில் ஒரு கசெற். கணவர் மாமி என்று கூப்பிடும் அத்தையின் கலியாணம், இங்கே ஸ்டுட்கார்ட்டில் இரண்டு அறை வீட்டுக்குள் நடந்தது. ரிமோட் என் கையில். மகன் அண்ணையின் மடியில். மூச்சுக்கு ஒரு தரம் அண்ணை, "நிப்பாட்டுங்கோ" என்றார். நான் நிறுத்தினேன். அவர் சுவரையும் சப்பாத்துகளையும் ஆராய்ந்தார்.

வீடியோக்காரர் வெல்வெட் கோட் போட்ட ஒரு பையனிடம் மைக்கை நீட்டினார். "தம்பி, மாமிக்கு வாழ்த்துச் சொல்லுங்கோ."

பையன் மைக்கை நக்கினான்.

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தார். "இவருக்கு மூண்டரை வயசு, இன்னும் வாய் திறக்கேல்லை. இவற்ற அப்பாவும் அப்பிடித்தானாம். இப்ப அவற்ற வாயை மூட ஏலாது."

படத்தில் மட்டும் பார்த்திருந்த என் மாமியார். அவருடைய குரலை அன்றுதான் கேட்டேன். வெல்வெட் கோட் என் கணவர். பின்னோட்டி மறுபடியும் கேட்டேன். மறுபடியும்.

"பிள்ளை, அந்தப் பெடியனை விடுங்கோ. பின்னால கலண்டரைப் பாருங்கோ. எண்பத்தைஞ்சு. நீங்கள்தான் முதல் குடும்பம்."

"அண்ணை, எனக்கு இப்பதான் உயிர் வந்திருக்கு."

"ஓம், அதும் நல்லதுதான். கலண்டரைப் பாருங்கோ."

வைத்தியரிடம் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "பேச்சுப் பயிற்சியையும் தொடங்குவோம், பயப்படாதீர்கள்" என்றார். ஒரு டெர்மினையும் தவறவிடவில்லை; பயப்படுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். சில வாரங்களில், சோற்றுக் கரண்டியோடு துரத்திய என்னைப் பார்த்து மகன் தன் முதல் சொல்லைச் சொன்னான்.

"நிப்பாட்டுங்கோ."

மரியாதையோடுதான் சொன்னான். நான் கரண்டியோடு தரையில் உட்கார்ந்து அழுது சிரித்தேன்.

அண்ணையும் பிறகு ரொறன்ரோவுக்கு, மகளிடம் போனார். "சனம் எங்கையோ அங்கதானே கசெற், பிள்ளை." போகுமுன் மகனின் மூன்றாம் பிறந்தநாளுக்கு வந்தார். எல்லோருடைய கசெற்றையும் பார்த்தவர், தான் மேடையேற மாட்டேன் என்று கதவோரம் ஒளிந்தார். கணவர்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார்.

அந்த வீடியோவை இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் போடுவோம். கோட்டின் பொத்தானைப் பூட்டியபடி, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அண்ணை நிற்கும் இடம் வந்ததும், வளர்ந்துவிட்ட மகன், "நிப்பாட்டுங்கோ" என்பான்.

சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று நிறுத்திவிடுவேன்.