கரிச்சட்டியும் மூன்று கேள்விகளும்

மார்கழி பிறந்த அன்றே காசிநாதன் முடிவெடுத்துவிட்டார். இந்த வருஷம் குளிர் தன் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

கரியாலூருக்கு மேலே சரிவில் அவர் வீடு. உள்ளே விறகு மூட்டினால் கண் எரியும், ஒரு வாரத்துக்கு இருமல் நிற்காது. ஒரு விடுதிக்குக் கூலி வேலைக்குப் போனபோது இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்ததைப் பார்த்தார். புகையே இல்லை. சட்டி திறந்த வெளியில் இருந்ததை மட்டும் அவர் மனம் குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குச் சட்டி தயார். ஜன்னல் இடுக்கில் கோணி திணித்தார். கதவின் அடியில் பழைய லுங்கி.

"பொகையே இல்ல, பாத்தியா?"

"அதான் பயமா கீது," என்றாள் மனைவி இருசம்மாள். "பொகைன்னா இருமலாவது வரும். கரி மூட்டிக்கினு கதவ சாத்தக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிச்சு."

"நர்சம்மாவுக்கு மலைக்குளிர் இன்னா தெரியும்?"

இருசம்மாள் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

"அத ஏன் எடுத்துக்கினு போற?"

"வாயில்லாத ஜீவன். நீங்கன்னா கேட்டா பதிலாவது சொல்வீங்க."

காசிநாதன் தாழ்ப்பாள் போட்டார். அரை மணி நேரம் சொர்க்கமாக இருந்தது.

வெளியிலிருந்து குரல் வந்தது. "களிக்குக் கீரை கடையட்டா, காரக்கொழம்பு வைக்கட்டா?"

"எதையாவது வை."

சற்றுப் பொறுத்து, "மாட்ட மாத்திக் கட்டட்டா?"

"ஏன் நச்சரிச்சிக்கினே கீற?"

பிறகு நெற்றிப்பொட்டு விண்விண் என்றது. குமட்டியது. எழுந்தார்; முட்டி மடங்கியது. தாழ்ப்பாள் நாலடி தூரம்தான். நீட்டிய கை வேறு யாருடையதோ போல் கீழே விழுந்தது. கரி சத்தமில்லாமல் சிவந்து கிடந்தது. அப்போதுதான் அவருக்கு உயிர்பயம் வந்தது. கத்த நினைத்தார், முனகல்தான் வந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டி இருக்க, இப்படியா போகப்போகிறேன் என்று கண் கலங்கினார்.

வெளியே அவள் ஏதோ கேட்டாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"சரி," என்றார்.

அடுத்த நிமிஷம் கதவு பெயர்ந்து விழுந்தது.

கண் திறந்தபோது ஈர மண்ணில் கிடந்தார். சாரல் முகத்தில் அடித்தது. அந்தக் குளிரை இழுத்து இழுத்துக் குடித்தார். தலை இருசம்மாளின் மடியில்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி வருது. கண்ண மூடாதீங்க."

"எப்படித் தெரிஞ்சிது?"

"கேட்டுக்கினே இருந்தேனே. மொத ரெண்டுக்கும் சிடுசிடுன்னீங்க. நல்லாத்தான் கீறாருன்னு இருந்தேன். மூணாவதுக்கு சரின்னுட்டீங்க. புத்தி பெரண்டு போச்சுன்னு அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"இன்னா கேட்ட?"

இருசம்மாள் அவர் கால்மாட்டைக் கண்ணால் காட்டினாள். யாரோ தன் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்ப்பது காசிநாதனுக்கு உறைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். பாண்டியன். இருசம்மாளின் தம்பி. வரப்போரப் பலாமரத்துச் சண்டையில் ஆறு வருஷமாக அவர் முகம் பார்க்காதவன். கதவை இடித்த தோள் சிராய்ந்திருந்தது.

"கதவ ஒடைக்க ஆள் வேணுமே," என்றாள் இருசம்மாள். "நீங்க தாழ்ப்பா போட்டதுமே கூட்டியாந்து ஒக்கார வச்சிட்டேன்."

பாண்டியன் காலை விடாமல் தேய்த்தான்.

"அவசரமில்ல மாமா. மரத்துக்காக எங்கிட்ட மன்னிப்பு கேக்கறீங்களான்னு அக்கா கேட்டதுக்குத்தான் சரின்னீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி வந்தே கேளுங்க."