ஞாயிறு மௌனம்

வருடக் கடைசியில் எங்கள் வீட்டில் துடைக்காமல் மிஞ்சிய பொருள் நான் ஒருவன்தான். ஜன்னல், விட்டம், குளியல் தொட்டி, காகிதக் கதவு எல்லாம் முடிந்துவிட்டது. என்னைத் துடைக்க என் மனைவி கினுயோ ஒரு டைரி வாங்கி வந்தாள்.

"என்ன இது?"

"டைரிங்க."

"தெரியுது. எனக்கு எதுக்கு?"

"போன வருஷம் எப்படி இருந்தோம்னு திரும்பிப் பார்த்து எழுதணும். வர்ற வருஷம் எப்படி இருக்கணும்னு ஒரு தீர்மானம் எடுக்கணும். புத்தாண்டு அன்னிக்கு படிச்சுக் காட்டணும். அரிமுரா டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க."

"போன வருஷம் நல்லா இருந்தேன். வர்ற வருஷமும் அப்படியே இருப்பேன். தீர்ந்தது. எடுத்து உள்ளே வை."

"இன்னும் ஒரு வரிகூட எழுதலையே?"

"சொல்லிட்டேனே. நீ எழுதிக்க."

அரிமுரா டீச்சர் என்பவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் ஓய்வெடுக்க வேண்டும். இவர் எடுக்கவில்லை. எங்கள் பேட்டைக் கூடத்தில் பாடகர் குழு நடத்துகிறார். பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஞாயிறு காலை கூடத்துக் கூரையில் இருக்கும் பனி சரிந்து விழுகிறது என்றால் பயிற்சி ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

அந்தப் பெண்களுக்கு நடுவில் கட்டைக் குரலுக்கு என்று ஒரே ஒரு ஆண் இருந்தார். இலையுதிர் காலத்தில் அவரும் மகள் வீட்டோடு போய்விட்டார். புத்திசாலி. அன்று முதல் கினுயோ என் தொண்டையைப் பார்க்க ஆரம்பித்தாள். மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"உங்க குரல் நல்ல கட்டைக் குரல்ங்க."

"ஞாயிற்றுக்கிழமை முடியாது."

"நான் இன்னும் ஒண்ணுமே கேட்கலையே?"

"நான் இப்பவே சொல்லிட்டேன்."

ஞாயிறு என்னுடையது. ஜனவரி பிறந்தால் மலைமேல் எங்கள் ஏரி உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டு, சின்னக் கூடாரம் கட்டி, தூண்டிலை இறக்கிவிட்டு உட்காருவேன். விரல் நீள மீன்தான். மாவில் தோய்த்துப் பொரித்தால் அரசனுக்குக்கூட ஒன்று கொடுக்க மனம் வராது. மார்ச் வந்தால் பனிக்கட்டி இளகிவிடும். மிச்ச மாதங்களை நான் சும்மா கடத்துகிறேன், அவ்வளவுதான்.

கினுயோ அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

டைரியைத் தொடாவிட்டால் வீட்டில் சோறு ஆறிப்போய் வரும் போலத் தெரிந்தது. எழுதினேன். முதல் நாள், 'இன்று பனி.' மறுநாள், 'இன்றும் பனி.'

கினுயோ எட்டிப் பார்த்தாள். "இது டைரியா, வானிலை அறிக்கையா?"

"வெளியே பார். பனி."

"உள்ளே பாருங்க. மனசுக்குள்ளே."

"அங்கேயும் பனிதான். மூடு, குளிருது."

"இந்த வருஷம் யாருக்கு நன்றி சொல்லணும்னு யோசிச்சீங்களா?"

யோசித்தேன். என் தூண்டிலுக்கு நன்றி என்று எழுதினேன். அன்றைக்குச் சோறு நிஜமாகவே ஆறிப்போய் வந்தது.

அடுத்த நாள் வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஒனோதேரா தன் வாசல் பனியை என் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். ஏரியில் என் கூட்டாளி. அவன் குரல் காக்காய்க்கு ஜலதோஷம் பிடித்தது போல இருக்கும். அதனால் அவனை யாரும் பாடக் கூப்பிடுவதில்லை. கொடுத்து வைத்தவன்.

"என்னய்யா தோகுஜி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"டைரி."

"உனக்கு மூளையே கிடையாது. அதைத் திட்டுறதை விட்டுட்டு, அதை வெச்சே தப்பிச்சுக்கோயேன்."

"எப்படி?"

"தீர்மானம்தானே கேக்கறாங்க? ஞாயிற்றுக்கிழமை மௌனம்னு எழுது. ஏரிக்குப் போய் வாயைத் திறக்காம தனியா உட்காரப் போறேன்னு எழுது. மௌனத்துல இருக்கிறவனை எந்த டீச்சராவது பாட வான்னு கூப்பிடுவாளா?"

நான் பனி அள்ளும் மண்வாரியைக் கீழே போட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் இவன் வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் பேச்சு.

புத்தாண்டு அன்று காலை. அரிசிக் கட்டி போட்ட சூப் குடித்தோம். டைரியைத் திறந்து எழுந்து நின்று படித்தேன். "போன வருடம் அதிகம் பேசிவிட்டேன். இந்த வருடம் ஞாயிறுதோறும் ஏரியில் தனியாக அமர்ந்து, மௌனமாக இருந்து, என்னைத் திரும்பிப் பார்ப்பேன்."

கினுயோ ஏப்ரன் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இவ்வளவு ஆழமா யோசிப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க."

"ம், இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் சாகே ஊத்து."

ஊற்றினாள். கேட்காமலே மறுபடியும் ஊற்றினாள். ஜெயித்தவன் குடிக்கிற அரிசி மதுவுக்குத் தனி ருசி.

இரண்டாம் தேதி, வருடத்தின் முதல் எழுத்தை எழுதும் நாள். தூரிகையை மையில் தோய்த்து அவரவர் தீர்மானத்தை எழுத வேண்டும். நான் கதவளவு காகிதம் எடுத்தேன். 'ஞாயிறு மௌனம்' என்று இழுத்துவிட்டேன். அந்த மையில் ஒரு எருமையைக் குளிப்பாட்டலாம்.

"இதைப் பேட்டைக் கூடத்துல மாட்டலாமாங்க? எல்லாரும் பார்க்கட்டும்."

"மாட்டு. உயரத்துல மாட்டு."

முட்டாள். அவளைச் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு. பையை கினுயோவே கட்டிக் கொடுத்தாள். மலை ஏறினேன். ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்கும் யோனெகுரா அம்மாளின் கடை. உள்ளே போய், "புழு ஒரு டப்பா..." என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்தாள். "உஷ்! அண்ணே, இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை!"

பேட்டை முழுக்கத் தெரிந்திருந்தது. நான் விரலைப் புழு மாதிரி நெளித்துக் காட்டினேன்.

"வயித்து வலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். தூண்டில் போடுவது போலக் கையை வீசினேன்.

"புரியுதுண்ணே, புரியுது. பழைய பழக்கம் இழுக்குது. விட்டுடாதீங்க. மீன் துடிச்சா மனசும் துடிக்கும், அப்புறம் மௌனம் எங்கே? உங்க தீர்மானத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்." புழு டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒரு கும்பிடு வேறு.

போகட்டும், ஒனோதேராவிடம் புழு இருக்கும். பனிக்கட்டிமேல் உட்கார்ந்து பையைத் திறந்தேன். ஒரு மெத்தை. ஒரு பிளாஸ்க் தேநீர். டைரி. பென்சில். தூண்டில் இல்லை.

ஒனோதேரா தூரத்தில் என் வழக்கமான இடத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தான். தவழாத குறையாகப் போனேன்.

"யோவ், ஒரு தூண்டில் கொடு."

"உஷ். அந்தக் கூடாரத்துல யோனெகுரா அம்மாவோட தம்பி இருக்கான். நீ பேசினது தெரிஞ்சா பேட்டையே சிரிக்கும். போய் திரும்பிப் பாரு, போ."

திரும்பிப் பார்த்தேன். அவன் மீன் மேல் மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தான். என் துளையிலிருந்து.

மறுநாள் காலை வாய் திறக்க அனுமதி வந்த உடனே கத்தினேன். "தூண்டில் எங்கே?"

"எண்ணெய் தடவி மேலே பரண்ல வெச்சிருக்கேங்க. மௌனத்துக்குத் தூண்டில் எதுக்கு?"

"மீன் பிடிக்கத்தான்!"

கினுயோ கரண்டியைக் கீழே வைத்தாள். "ஓ. அப்ப தீர்மானம் மீன் பிடிக்கறதுக்கா? தப்பே இல்லைங்க. டீச்சர்கிட்ட சொல்லிடறேன். கூடத்துல இருக்கிற எழுத்தையும் கழட்டிடலாம். 'அவருக்கு மௌனமெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கார்'னு சொன்னா டீச்சர் எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

நான் சூப்பைக் குடித்தேன்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஜனவரி நடுவில் பேட்டையில் நெருப்பு மூட்டி, புத்தாண்டு அலங்காரங்களோடு இந்த எழுத்துகளையும் எரித்துவிடுவார்கள். எரிந்தால் மறந்துபோகும். மக்கள் மறதிக்காரர்கள். நானே முதல் ஆளாகப் போய் என் காகிதத்தை நெருப்பில் போட்டேன்.

எரிகிற காகிதம் எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவுக்கு எழுதியவனுக்கு நல்லது என்பார்கள். மற்றவர்களுடையது வேலி உயரம் போய்ச் சாம்பலானது. என்னுடையது கதவளவு காகிதம் அல்லவா? பருந்து மாதிரி எழும்பியது. கூரையைத் தாண்டியது. மின்கம்பத்தைத் தாண்டியது. பேட்டையே அண்ணாந்து பார்த்துக் கை தட்டியது.

"தோகுஜி அண்ணன் தீர்மானம் நேரா மேலேயே போய்ச் சேர்ந்துடுச்சு! இனிமே யார் நினைச்சாலும் அவர் வாயைத் திறக்க வைக்க முடியாது!"

கினுயோ எல்லாருக்கும் முன்னால் நின்று தட்டினாள்.

அடுத்த ஞாயிறு பனிப்புயல். தூண்டில் இருந்தால் புயல் தெரியாது. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகவே தெரியும். இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமானது எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. பாதியில் எழுந்து மலை இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. சாவி கினுயோவிடம். கினுயோ கூடத்தில். கூடத்தில் பெரிய அடுப்பு எரிகிறது.

கதவைத் திறந்ததும் பாட்டு நின்றது.

"யாரும் அவர்கிட்ட பேசாதீங்க," என்றார் அரிமுரா டீச்சர். "மௌனத்துல இருக்கார். பாவம், அடுப்புக்கிட்ட உட்காரட்டும்."

உட்கார்ந்தேன். என் மூக்கிலிருந்து ஐஸ் சொட்டியது. அப்போது கினுயோ, காய்கறி விலை கேட்பது போல, டீச்சரிடம் கேட்டாள்.

"டீச்சர், அந்தப் புதுப் பாட்டுல கட்டைக் குரலுக்கு வார்த்தையே கிடையாதுன்னு சொன்னீங்களே?"

"ஆமாம்மா. வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு பாடணும். பாட்டு முழுக்க அதேதான்."

"வாயையே திறக்கலைன்னா மௌனம் கெடாதில்லையா?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "கெடவே கெடாது. இன்னும் ஆழமாகும்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மறுப்பதற்காக வாயைத் திறந்தேன்.

"உஷ்!" என்றார்கள் அத்தனை பேரும். சுதி சேர்ந்து.

என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். அடுப்பு பக்கத்திலேயே இருந்தது என்பதை மறுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒனோதேரா வாசலில் நின்று ஏதோ மென்றுகொண்டிருந்தான். கடக், கடக் என்று சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எங்கள் வீட்டு முள்ளங்கி ஊறுகாய்.

"அது எங்கேயிருந்து வந்தது?"

"உங்க வீட்டம்மா கொடுத்தாங்க. ஒரு ஜாடி."

"எதுக்கு?"

"மௌன யோசனையை உன்கிட்ட சொன்னதுக்கு." இன்னொரு துண்டை வாயில் போட்டான். "அவங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். எனக்கு அவ்வளவு மூளை ஏது?"

"என் துளையில உட்கார்ந்து மீன் பிடிக்கிறியே, அது?"

"அதுவும் பேச்சுவார்த்தையிலேயே முடிவானதுதான்."

பனிக்கட்டி இளகியது. வசந்தத்தில் பக்கத்து ஊரில் பாட்டு விழா. கடைசி வரிசையில் நின்று பாட்டு முழுக்க வாயைத் திறக்காமல் முனகினேன். முடிந்ததும் நகரத்திலிருந்து வந்திருந்த நடுவர் படி இறங்கி நேராக என்னிடம் வந்தார். தலை குனிந்து வணங்கினார்.

"எத்தனையோ குழுக்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு பணிவான ஒரு 'ம்'மை இதுவரை கேட்டதில்லை. எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?"

ஞாயிற்றுக்கிழமை. நான் வாயைத் திறக்க முடியாது.

கினுயோ என் கழுத்துப் பட்டையைச் சரி செய்துகொண்டே பதில் சொன்னாள். "வீட்டுலதாங்க."