கரண்டு மாஸ்டரும் என் பிரேக்கும்

மலேசியாவில் எங்கள் கிள்ளான் நகரில் மின்சாரத்தில் ஓடிய முதல் வாகனம் கரண்டு மாஸ்டர்தான். எலெக்ட்ரிக் கார்கள் எல்லாம் அவருக்குப் பிறகு வந்தவை. இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேட்டரி, அதிலிருந்து முதுகெலும்புக்குள் போகும் ஒரு ஒயர், சட்டைப் பையில் ஒரு ரிமோட். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் செய்த தொழில் என்ன தெரியுமா? என்னைப் போன்றவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது.

ஐம்பத்திரண்டு வயதில் நான் L போர்டு மாட்டியதற்குக் காரணம் என் கணவரின் கண். இனி அவர் ஸ்டேரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வது மட்டுமே என் வேலை. அதில் நான் கெட்டிக்காரி.

மாஸ்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். முதல் நாள் வகுப்பே இப்படித்தான் ஆரம்பித்தது.

"அக்கா, நான் திடீர்னு துள்ளினா பயந்துறாதீங்க லா. ஸ்டேரிங்க மட்டும் விட்டுறாதீங்க."

"நீங்க ஏன் மாஸ்டர் துள்ளணும்?"

"நீங்க சடன் பிரேக் போட்டா எனக்குக் கரண்டு ஏறும்."

அப்போதே இறங்கி ஓடியிருப்பேன். பதற்றத்தில் சீட் பெல்ட்டைக் கழற்ற வரவில்லை.

விஷயம் இதுதான். முதுகில் ஓர் ஆபரேஷன் செய்த பிறகு அவருடைய வலது கால் நரம்பு கெட்டுப்போய்விட்டது. ஓயாத வலி. அதை மறிக்கத்தான் அந்தக் கருவி. ஒயர் வழியாகச் சின்னச் சின்னத் துடிப்புகள் போய்க்கொண்டே இருக்கும், வலி இருந்த இடத்தில் லேசான சிலிர்ப்பு மட்டும் தெரியும். இருமினாலோ, சாய்ந்தாலோ, உடம்பு குலுங்கினாலோ அந்தச் சிலிர்ப்பு சட்டென்று கூடிவிடும். ஆகவே மாணவர்களின் பிரேக்குக்கு அவர் உடம்பே மார்க் போட்டுவிடும். "இது நல்லாருக்கு அக்கா, ஒண்ணுமே தெரியல" என்றால் பாஸ். "கொஞ்சம் காரம்" என்றால் இன்னொரு தடவை போட வேண்டும். நான் முதன்முதலாகப் போட்ட பிரேக்குக்கு அவர் "முருகா!" என்று கத்தியது பாசார் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்னொரு கூத்தும் உண்டு. வண்டி ஓட்டும்போது கருவி ஓடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மாஸ்டர் வீடு எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் கருவியை அணைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு என் வீட்டு வாசல் வரை ஓட்டி வருவார். இடது பக்கத்து சீட்டுக்கு மாறி ரிமோட்டை அமுக்கி, "அப்பாடா!" என்பார். அந்த அப்பாடாவைக் கேட்ட பிறகுதான் நான் சாவியைத் திருப்ப வேண்டும்.

பயம் என்று ஒன்று இருந்தால் அது குடியிருந்த வீடு அவர்தான். துணிக்கடை வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்க ஒரு கதவுச் சட்டம் நிற்குமே, அதைத் தாண்டும்போது கருவி எகிறிவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போனவர் வாசலில் நின்று ரிமோட்டை வெளியே எடுத்து, கண்ணை மூடி, சாமியைக் கும்பிட்டு, கருவியை அணைத்துவிட்டு உள்ளே ஒரே ஓட்டமாக ஓடினார். பின்னாலேயே காவலாளியும் ஓடினார். அடுத்த வருஷத்திலிருந்து அவர் மனைவி உள்ளே நின்று சட்டைகளைத் தூக்கிக் காட்டுவார், இவர் கண்ணாடிக்கு வெளியே நின்று தலையாட்டுவார்.

மழை இருட்டினால், மின்னலுக்குப் பயந்து, வகுப்பு ரத்து. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வரும் நாளில், "இன்னிக்கு ரிவர்ஸ் வேணாம் அக்கா, நான் திரும்பிப் பார்க்க முடியாது" என்பார். எனக்கே ரிவர்ஸ் என்றால் உதறல், அதனால் மறு பேச்சுப் பேசமாட்டேன்.

இவ்வளவு பயம் எதற்கு மாஸ்டர் என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இது உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வீட்டுலயே கிடந்தேன் அக்கா. மிளகாய அரைச்சுப் பாதத்துல தடவி, மேல நெருப்பு வச்ச மாதிரி. ஃபேன் காத்து பட்டாக்கூட கத்துவேன். என் மக ரூமுக்குள்ள வரவே பயப்படும். இது நின்னுபோச்சுன்னா அந்த வருஷம் திரும்ப வந்துரும். அவ்ளோதான் பயம்."

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. பிரேக்கையும் கொஞ்சம் பார்த்தே மிதித்தேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. இடது சீட்டுக்கு மாறினார், ரிமோட்டை அமுக்கினார். அப்பாடா வரவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு "ஆ!" என்று துள்ளி, உடனே அணைத்தார்.

"என்ன மாஸ்டர், நான் இன்னும் பிரேக்கே போடலியே!"

"காலுக்குப் போகவேண்டியது விலாவுக்குப் போகுது அக்கா. முந்தாநாளு டயர் மாத்தினேன். அப்புறம் இப்படி."

"முந்தாநாளா? வீட்டுல சொன்னீங்களா?"

"சொல்லல. சொன்னா ஆஸ்பத்திரி போகச் சொல்லும். போனா இதை வெளிய எடுத்துருவாங்க."

இரண்டு இரவு தூங்காத கண் அது. பேசிக்கொண்டே ஷூவைக் கழற்றிவிட்டார். கால் விரல்கள் நடுங்கின. என் வாய் வழக்கம்போல் வேலை செய்தது.

"நல்லா இருக்கு மாஸ்டர் நியாயம்! எடுத்துருவாங்கன்னு பயந்து இப்பவே நெருப்புல நிப்பீங்களா? இருங்க, டாக்சி கூப்பிடுறேன்."

"ஐயோ வேணாம் அக்கா. தெரியாதவன் பிரேக்கு எனக்கு ஒத்துக்காது. உங்க பிரேக்கு பழகிருச்சு."

அவரால் அந்தக் காலை வைத்து இனி ஓட்ட முடியாது. எனக்கோ லைசென்ஸ் இல்லை. ஆனால் பக்கத்தில் மாஸ்டர் இருந்தால் நான் ஓட்டலாம். சட்டப்படி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் முழுசாக ஒரு டிரைவர். அப்படித்தான் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதாவது கிள்ளான் பாலம். அதுவரை நான் தாண்டிய பெரிய தடை எங்கள் தாமான் ரவுண்டபவுட். காற்று காலில் படக் கூடாது என்பதால் ஏர்கோனை அணைத்துவிட்டேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகள் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

"அக்கா, கண்ணாடி பார்க்கல நீங்க."

"உங்க உசிரு போகுது, இப்பக் கண்ணாடியா?"

"உசிரு போனாலும் கண்ணாடி பார்க்கணும்."

பாலத்தின் நட்டநடுவில் எஞ்சின் அணைந்தது. பின்னால் லோரிக்காரன் ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. நான் சாவியை மறுபடி திருப்பினேன். மாஸ்டர் இரண்டு கையாலும் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, "அடிக்கட்டும் அக்கா. அவனும் ஒரு காலத்துல L தான். கிளட்ச்... மெதுவா... இப்ப விடுங்க" என்றார். அவர் குரல் நடுங்கியது, வண்டி நடுங்காமல் நகர்ந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒயர் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்க்கலாம், சரிவராவிட்டால் முதுகை மறுபடி திறக்க வேண்டும். மாற்றிப் பார்க்கிற கருவிக் கம்பெனிப் பெண் ஸ்ரீ கெம்பாங்கான் ஊரிலிருந்து வரவேண்டும். காத்திருந்தோம். மாஸ்டர் ஒரு காலை நாற்காலிக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, "போயிறாதீங்க அக்கா" என்று சும்மா சும்மா சொன்னார்.

"நான் எப்படிப் போறது? நீங்க இல்லாம நான் ஓட்ட முடியாதே!"

அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தார்.

அந்தப் பெண் வந்தது. சின்னப் பெண், கையில் ஒரு டேப்லட். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கேட்டது.

"இப்ப எங்க தெரியுது அங்கிள்?"

"விலா."

"இப்ப?"

"வயிறு."

"இப்ப?"

"தொடை. ஆனா இடது தொடை."

எத்தனை தடவை கேட்டது என்று நினைவில்லை. நான் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத தெய்வங்களுக்குப் போய்விட்டேன்.

"இப்ப அங்கிள்?"

மாஸ்டர் குனிந்து தன் வலது பாதத்தையே பார்த்தார். பிறகு, தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல ஒரு விரலால் தொட்டார். கத்தவில்லை.

"அங்கதான் மா," என்றார். உடனே முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய், "வலிக்குதா அங்கிள்?" என்று கேட்டது. நானும் அழுதுகொண்டிருந்ததால் "இல்லம்மா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, திரும்பக் கூடாது, டயர் பக்கமே போகக் கூடாது, மறுபடி நகர்ந்தால் ஆபரேஷன்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு அவரே போன் போட்டார். மனைவி திட்டிய திட்டில், பக்கத்தில் நின்ற எனக்கே காது சுட்டது.

திரும்பும்போது பாலத்தில் நான் கண்ணாடி பார்த்தேன், சிக்னல் போட்டேன், எல்லாம் செய்தேன். ஒரு பாராட்டும் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், மாஸ்டர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். தூங்குகிற மாஸ்டர் சட்டப்படி மாஸ்டரா என்று எனக்குத் தெரியாது. தட்டி எழுப்பவும் கை வரவில்லை.

தாமானுக்குள் நுழைந்தேன். அவர் வீட்டு கேட்டில் அவர் மனைவி நின்றுகொண்டு கையைக் காட்டினார். நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, நிறுத்தாமல் அந்த வீட்டைக் கடந்து, இன்னொரு சுற்றுக்குப் போனேன்.