குருவுக்குக் குறுக்கே பாஸ்கரன்

அன்புமிக்க மாப்பிள்ளை ராஜ்மோகன் அவர்களுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து மாமனார் பாஸ்கரன் எழுதுவது. இங்கே உங்கள் அத்தை நலம், காவிரியிலும் தண்ணீர் வருகிறது. நீங்களும் உமாமகேஸ்வரியும் குறையில்லாமல் இருக்க அரங்கன் அருள வேண்டும். போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும், மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசலாகாது என்று அத்தை தடுத்ததால் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்களில் ஒன்றை நீங்கள் கண்டுபிடித்து என் பெயரை வைத்தீர்கள். பொன்மலைப் பணிமனையில் காலமெல்லாம் போல்ட்டு முறுக்கியவனுக்கு யார் இப்படிச் செய்வார்கள்? நான் போன பிறகும் என் பெயர் அங்கே சுற்றும் என்று நினைத்து ராத்திரியில் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். கூப்பிட ஆளில்லாத இடத்தில் பெயர் எதற்கு என்றும் தோன்றுகிறது. அந்த யோசனையோடு பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? நம் சின்னவள் மைதிலியைப் பெண் பார்க்க மணப்பாறையிலிருந்து வந்தவர்களிடம், அவர்கள் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். பையனின் அப்பா காத்தமுத்து, "எங்க இருக்குன்னு சொன்னீங்க?" என்றார். "செவ்வாய்க்கும் குருவுக்கும் நடுவுலங்க" என்றேன், பெருமையாக. அவ்வளவுதான், மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு. "குரு பார்க்கக் கோடி நன்மைம்பாங்க. குறுக்க நீங்க நிக்கிறீங்களே!" அட, அது வெறும் கல்லுங்க, மலைக்கோட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, குரு எவ்வளவு பெரிய ஆளு, அவரை மறைக்க முடியுமான்னு கேட்டேன். "கண்ணுல தூசி விழுந்தா பார்வை தெரியுதாங்க?"ன்னு திருப்பிக் கேட்டாரு. ஜோசியரைக் கேட்டுச் சொல்றோம்னு எழுந்துட்டாங்க, பஜ்ஜியைத் தொடவே இல்ல.

கீழ்வீட்டு பாப்பாயி வேற, "பாஸ்கரன் பெயர்ச்சி எப்பங்க, கன்னி ராசிக்கு எப்படி?"ன்னு கேக்குறாங்க. அதையெல்லாம் பொறுத்துக்கலாம். மைதிலிக்கு அந்தப் பையன் அறிவுமதியை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. அதுதான் தாங்க முடியல மாப்பிள்ளை, திட்டினாலாவது எனக்குச் சோறு இறங்கும்.

ஆகவே என் பெயரை அந்தக் கல்லிலிருந்து எடுத்துவிடுங்கள். பெற்ற பெண்ணுக்குக் குறுக்கே நிற்கும் பெயர் எவ்வளவு உயரத்தில் இருந்தால் என்ன? எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் எடுத்துவிடுங்கள்.

உமாவுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள். ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்தால் உடம்பில் சூடேறும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்.

இப்படிக்கு,
பாஸ்கரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காத்தமுத்து போன் செய்துவிட்டார். பெயரை எடுக்க வேண்டாம். ஜோசியர் பரிகாரம் சொன்னாராம்: பையனுடைய அப்பா பெயரிலும் அங்கே ஒரு கல் சுற்றினால் தோஷம் நிவர்த்தி. மைதிலி இப்போதுதான் சிரித்தாள். எனவே காத்தமுத்துவுக்கும் ஒரு கல் பாருங்கள் மாப்பிள்ளை. என்னுடையதைவிடக் கொஞ்சம் சின்னதாகவே பாருங்கள்.