தலைவர் படத்துக்கு வந்த மல்லிகை

யாராவது பூவை நீட்டினால் எங்கள் பக்கத்துப் பெண்கள் யோசிப்பதில்லை. கை தானாகப் பின்னந்தலைக்குப் போய்விடும். ஓசூர் எல்லைக்குள் இருக்கும்வரை இந்தப் பழக்கத்தால் ஆபத்தில்லை. நான் அதைத் தாய்லாந்து வரை கொண்டுபோனேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். டிப்ளமோ முடித்தவள் நான். பாஸ்போர்ட் எடுத்தவளும் நானே. (யாரும் கேட்காமலே இதைச் சொல்வேன்.) சிப்காட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி, என்னையும் செல்வம் அண்ணனையும் பயிற்சிக்கு அனுப்பியது. கிளம்பும்போது மேனேஜர் ஒரு குண்டைப் போட்டார்: "மொத மொறையா ஒரு பொண்ணை அனுப்பறோம். நீ பேரைக் கெடுத்துட்டா, அடுத்த பேட்ச்ல பசங்க மட்டும்தான்."

கம்பெனி லைனில் என்னோடு நின்ற அத்தனை பெண்களையும் தோளில் சுமந்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

அங்கே எங்களுக்குப் பயிற்சி தந்த பிம் என்ற பெண், ஒரு விடுமுறையில் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். அவள் குடும்பம் வியட்நாமிலிருந்து வந்து குடியேறியது. அந்த நாட்டின் பெரிய தலைவர் ஒருவர், விடுதலைக்கு முன் அந்த ஊரில்தான் மறைந்து வாழ்ந்தாராம். அவர் இருந்த மரவீட்டை நினைவிடமாக வைத்திருந்தார்கள்.

வாசலில் ஓர் அம்மாள் தட்டை நீட்டினார். தட்டில் மல்லிகைச் சரங்கள்! வாரக்கணக்கில் பூவே வைக்காமல் காய்ந்து கிடந்தவள் நான். பல்லெல்லாம் தெரிய "தேங்க்யூ" சொல்லி, ஒரு சரத்தை எடுத்துத் தலையில் குத்திக்கொண்டேன். நுனியில் ரோஜா மொட்டுக் குஞ்சம் வேறு, காதோரம் ஆடியது. வெளிநாட்டுக்காரர்களுக்கும் நம் அருமை தெரிகிறதே என்று நிமிர்ந்து உள்ளே போனேன்.

உள்ளே தலைவர் படம், ஊதுபத்தி. ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் சரத்தைப் படத்தின் முன் வைத்தார்கள். என் முறை வந்தது. கையில் ஒன்றுமில்லை. அறையே என் தலையைப் பார்த்தது.

"என்னம்மா செஞ்சிட்ட! அது அவருக்குள்ள பூவுல்லா?" திருநெல்வேலிக்காரரான செல்வம் அண்ணன் பல்லைக் கடித்தார்.

"கழட்டி வெச்சிரட்டுங்களாண்ணா?"

"ஒன் தலையில இருந்தத அவருக்கா? வெளங்கும்!"

செத்தவர் படத்துப் பூவை எங்கள் ஊரில் தொடக்கூட மாட்டோம். நான் சூடிக்கொண்டு நிற்கிறேன். அடுத்த பேட்ச் பெண்கள் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். பின்னாலேயே அழுகையும் வந்துவிட்டது.

அந்த அம்மாள் கிட்டே வந்தார். சிரிக்கவில்லை, திட்டவில்லை. இன்னொரு சரத்தை என் கையில் வைத்தார். இதுவும் தலைக்குப் போய்விடப் போகிறதே என்று, படத்தின் முன் நான் குனியும்வரை என் மணிக்கட்டை விடவேயில்லை. வெளியே வரும்போது, என் தலையில் சரிந்திருந்த பூவை அவரே நேராக்கிவிட்டார்.

கதை எனக்கு முன்பே ஓசூர் போய்ச் சேர்ந்திருந்தது. (செல்வம் அண்ணன் வாழ்க!) மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் அடுத்த பேட்ச்சில் இரண்டு பெண்களை அனுப்பினார். வழியனுப்பும்போது அவர் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: "யாராச்சும் பூ குடுத்தா, யாருக்குன்னு கேட்டுக்கங்க."

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. அவள் பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்பவள். "தெனமும் கூடை கூடையா வெட்டறேன், ஒண்ணாச்சும் தலையில வெச்சிருக்கனா? எவ தட்டை நீட்டுனாலும் அது ஒனக்குத்தானா?"

என் கல்யாணத்தில் புரோகிதர் மாலையை எடுத்து என் கையில் கொடுத்தார். முன்வரிசையிலிருந்து அம்மா மண்டபமே கேட்கக் கத்தினாள்: "கண்ணு, யாருக்குன்னு கேட்டுக்கோ!"

கேட்டேன். மாப்பிள்ளைக்காம்.